எல்லாருக்கும் எண் ஒன்று

தோம்லூர் மேம்பாலத்தை ஒட்டிய மூன்றாம் மாடி.
ஏசி ஒன்று, யூபிஎஸ் இரண்டு,
ஒரே ஒரு இரும்புப் பெட்டி.
உள்ளே முப்பத்தொன்பது பேர்.

பேர் என்றே வாய்க்கு வருகிறது.
யஷ்வந்தபுரம் வெங்காய மண்டி முனிராஜுவின் வரவு செலவு,
சிவாஜி நகரில் இர்பானா பேகத்தின் தையல் கடை,
பல் டாக்டர் ஒருவர்,
கல்யாண மண்டபம் மூன்று –
ஒரே தெரு, ஒருத்தருக்கொருத்தர் ஆகாது,
இங்கே அடுத்தடுத்துப் படுத்திருப்பது தெரியாது.

உள்ளே போய்
இங்கு முதலில் எழுந்தது யார் என்று கேட்டால்
முப்பத்தொன்பது பேரும் நான்தான் என்பார்கள்.
எண் ஒன்று.
வெளியே என் பட்டியலில் அதே ஆள்
இருபதாயிரத்து நானூற்றுப் பதினேழு.
நான் யாரிடமும் சொன்னதில்லை.

கெர்னல் என்றால் பருப்பு என்கிறது அகராதி.
சரிதான்.
ஒரே பருப்பு, முப்பத்தொன்பது வீட்டுக் குழம்பு.
தனி மெஷின் வாங்க முனிராஜுவுக்கு வசதி உண்டு, மனசு வராது.
இர்பானாவுக்கு மனசு உண்டு.
மாசம் இருநூற்றைம்பதுக்கு இதுதான் கட்டுப்படியாகும்,
எனக்கும்.

சுவரெல்லாம் சொல்லால் எழுப்பியது.
பார்க்காதே என்று எழுதியிருக்கிறது,
பார்ப்பதில்லை.
ஆனாலும் எங்கேயாவது கசியும்.
டாக்டர் போன் செய்தார்:
'போன புதன்கிழமைதானே வாங்கினேன்,
அறுநூற்றுப் பதினோரு நாளாக ஓடுகிறது என்று காட்டுகிறதே,
பழசைத் தள்ளிவிட்டீர்களா?'
அது உங்களுக்கு முன்பிருந்தே
கண்மூடாமல் இருக்கும் ஒன்றின் வயது, டாக்டர்.
பார்க்கிறேன் என்றேன்.
பார்க்கவில்லை.

பெருநாளுக்கு இரண்டு நாள் இருந்தது.
இரண்டாம் மண்டபத்துக்காரர் ராத்திரி ஒரு மணிக்கு
நாலாயிரம் கல்யாணப் படங்களை ஏற்றினார்.
ஒவ்வொரு படத்தையும் சின்னதாக்க ஒவ்வொரு வேலையாள்,
ஒவ்வொருவனும் துக்கடா,
ஒவ்வொருவனும் ஒரு பிடி நினைவகம்.
அந்த மண்டபத்துக்கு வரம்பு போட மறந்திருந்தேன்.

பந்தியில் இலை தீர்ந்ததும்
யாரையாவது எழுப்ப வேண்டும்.
கெர்னல் ஆளைப் பார்க்காது, அளவைப் பார்க்கும்.
கும்பலாய்த் தின்றவர்கள் தனித்தனியே ஒல்லி.
ஓரமாக, கொஞ்சம் பெரிதாக உட்கார்ந்திருந்தது
இர்பானாவின் தரவுத்தளம்.
பதிவேட்டில் ஒரே வரி:
இடமில்லை, இதைக் கொன்றேன்.

'அக்கா, அளவு ஏற மாட்டேங்குது.'
பின்னால் நான்கு மெஷின் ஓடும் சத்தம்.
'சொல்லுங்க, எழுதிக்கிறேன்.'
பெஸ்காம் பில்லின் பின்பக்கம் எழுதினேன்:
தோள் பதினாலரை,
கை ஆறு,
இவளுக்குக் கழுத்து இறக்க வேண்டாம்,
இவள் போன வருஷத்தைவிட இளைத்திருக்கிறாள்.
எந்தக் கதவும் என் சாவிக்குத் திறக்கும்.
திறந்ததில்லை.
அன்று கதவில்லாமலே வந்து நின்றார்கள்
பதினொரு பெண்கள்.

பெருநாள் முடிந்த வாரம்
கெர்னலில் ஓட்டை என்று சேதி வந்தது.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு;
ஒருத்தன் அறைக்குள் நுழைந்தவன்
எல்லார் அறையிலும் படுத்துக்கொள்ளலாம்.
அடைக்க ஒரே வழி,
எல்லாரையும் அணைத்துவிட்டு எழுப்புவது.

மூன்று மணி பத்து.
மழை.
பெட்டியின் விசிறி நின்றபோது
கீழே தர்ஷினியில் யாரோ மாவுக் குண்டானை
இழுப்பது கேட்டது.
இவ்வளவு நாள் அது கேட்டதேயில்லை.
மண்டி, தையல், பல், மூன்று பகையாளிகள்
எல்லாருக்கும் ஒரே இருட்டு,
நாலு நிமிஷம்.

பிறகு விசிறி சுற்றியது.
முதலில் எழுந்தது முனிராஜு.
வியாபாரி அல்லவா.
கடைசியில் இரண்டாம் மண்டபம்,
இடுப்பில் வரம்புக் கயிற்றோடு.
அவரவர் அறையில் அவரவர் எண் ஒன்று.
இர்பானாவின் கணக்கு
ஒன்றும் நடக்காதது போல அளவுகளை எண்ணிப் பார்த்தது.

டாக்டர் இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார்.
'சரி பண்ணிவிட்டீர்கள் போலிருக்கிறதே.
இப்போது இரண்டு நாள் என்கிறது.
புதுசு புதுசுதான்.'

ஆமாம் டாக்டர் என்றேன்.